அருஞ்சொல்லும் அதனைக் கற்றோரும்: ஆங்கில அருஞ்சொல் அகராதிகளின் சமூக வரலாறு (1604–1755)

முன்னுரை

ஒரு மொழியின் சொற்கள் அனைத்தும் அம்மொழியைப் பேசுவோர் அனைவருக்கும் ஒருபடித்தாக விளங்குவதில்லை. சில சொற்கள் தாய்ப்பாலோடு வருகின்றன. சில பள்ளியில் வருகின்றன. சில பள்ளிக்குச் சென்றவர்க்கும் வருவதில்லை. இவ்வாறு எல்லார்க்கும் எட்டாத சொற்களைத் தமிழ் மரபு அருஞ்சொல் என வழங்கும். ஆங்கில மொழியில் இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பொருள் கூறும் முயற்சியிலிருந்தே அம்மொழியின் ஒருமொழி அகராதி பிறந்தது. 1604-இல் வெளிவந்த முதல் ஆங்கில – ஆங்கில அகராதி, எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற முற்படவில்லை. கடினமான சொற்களுக்கு மட்டுமே பொருள் கூறியது. எளிய சொற்கள் ஆங்கில அகராதியில் முறையாக இடம்பெற மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இவ்வரலாறு அகராதியியலின் வளர்ச்சிப் படிகளுள் ஒன்றாகவே பெரும்பாலும் கூறப்பட்டு வந்துள்ளது. அருஞ்சொற்களை யார் கற்க விரும்பினர், ஏன் விரும்பினர், கற்றபின் அவர்கள் எவ்வாறு மதிக்கப்பெற்றனர் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களை முன்வைத்து, ஆங்கில அருஞ்சொல் அகராதிகளின் தோற்றத்தையும் மாற்றத்தையும் ஆராய்வதும், தமிழ் உரிச்சொல், நிகண்டு மரபுகளோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருஞ்சொற்கள் பெருகிய சூழல்

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அதன்பின் ஆங்கில நூல்கள் பெருகின. எனினும் கல்வியின் மொழியாக இலத்தீனே நீடித்தது. இலக்கணப் பள்ளி என்னும் பெயரில் நடைபெற்ற பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட இலக்கணம் இலத்தீன் இலக்கணமேயன்றி ஆங்கில இலக்கணம் அன்று. அப்பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கு உரியனவாகவே பெரும்பாலும் இருந்தன. பல்கலைக்கழகங்களின் வாயில் பெண்களுக்கு முற்றிலும் அடைபட்டிருந்தது.

இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்த அறிவை ஆங்கிலத்தில் தர முற்பட்ட அறிஞர்கள் ஆங்கிலத்தில் சொல் போதாமையை உணர்ந்தனர். போதாமையைக் கடன் சொற்களால் நிரப்பினர். இம்முயற்சியில் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் எலியட் ஆவார். 1531-இல் வெளிவந்த ‘ஆளுநர்’ என்னும் பொருள்படும் தமது உரைநடை நூலில் இவர் புதிய சொற்கள் பலவற்றைப் பயன்படுத்தினார். முதிர்ச்சி எனப் பொருள்படும் ‘மெச்சூரிட்டி’ என்னும் சொல் அவற்றுள் ஒன்று. இன்று மிக எளியதாகத் தோன்றும் இச்சொல்லை, வழக்கில் இல்லாத புதுச்சொல் என ஒப்புக்கொண்டு, அதன் தேவையை விளக்கியே எலியட் ஆள வேண்டியிருந்தது. புதிய சொல்லின் பக்கத்திலேயே பழகிய சொல் ஒன்றை ‘அல்லது’ எனச் சேர்த்து எழுதுவது அவர் கையாண்ட உத்தியாகும். கற்போன் அகராதியைத் தேடிச் செல்ல வேண்டாதபடி, வாக்கியமே அகராதியாக அமைந்தது.

புதுச்சொற்கள் நூல்களோடு நின்றுவிடவில்லை. சமயச் சீர்திருத்தத்தின் விளைவாக ஆங்கில விவிலியமும் ஆங்கிலச் சொற்பொழிவும் தேவாலயங்களுக்கு வந்தன. மறைநூலைத் தாமே படித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. அதனை அரசு எளிதில் ஏற்கவில்லை. 1543-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று கைவினைஞர், பயிற்சித் தொழிலாளர், உழவர், கூலியாட்கள் முதலியோரும் பெண்களும் ஆங்கில விவிலியம் படிப்பதைத் தடைசெய்தது. உயர்குடிப் பெண்கள் தனிமையில் படிக்க மட்டும் இசைவு இருந்தது. 1547-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியபின்பும் தடை முழுமையாக நீங்கவில்லை. முன்பு சட்டம் நின்ற இடத்தில் இப்போது சொல் நின்றது. சொற்பொழிவைக் கேட்கலாம், அதிலுள்ள இலத்தீன் வழிச் சொற்கள் விளங்கா. நூலைத் திறக்கலாம், பொருள் திறவாது.

மைக்கொம்புச் சொற்பூசல்

மை வைத்துக்கொள்ளக் கொம்பினாலான கூட்டைப் பயன்படுத்திய காலம் அது. எழுத்தாளர் தம் புலமையைக் காட்டுவதற்காகத் தேவையின்றிக் கையாளும் கடுஞ்சொற்கள் ‘மைக்கொம்புச் சொற்கள்’ எனப் பதினாறாம் நூற்றாண்டில் எள்ளப்பட்டன. பேச்சில் பிறவாது மையில் பிறந்தவை என்பது அவ்வசையின் உட்கருத்து.

தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட ‘சொல்லணிக் கலை’ என்னும் நூலில், பதவி வேண்டி ஒருவர் எழுதியதாக ஒரு நகைப்புக் கடிதத்தை அமைத்துள்ளார். படிப்பவர் நகைக்குமாறு அதில் இலத்தீன் வழிச் சொற்கள் வரிக்கு வரி அடுக்கப்பட்டுள்ளன. அச்சொற்களின் பிற்கால வரலாறு நோக்கத்தக்கது. பேரளவான எனப் பொருள்படும் ‘இஞ்சென்ட்’, உதவுதல் எனப் பொருள்படும் ‘அட்ஜுவேட்’, வேண்டுதல் எனப் பொருள்படும் ‘ஒப்டெஸ்டேட்’ முதலியன வழக்கொழிந்தன. அதே கடிதத்திலுள்ள ‘செலிப்ரேட்’, ‘டெக்ஸ்டெரிட்டி’, ‘ஃபிரிவலஸ்’ முதலியனவோ இன்று பொதுவழக்கில் உள்ளன. நகைப்பதற்காகத் தொகுக்கப்பட்ட சொற்களுள் ஒரு பகுதி மொழியின் உடைமையாகிவிட்டது.

கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய ஜான் சீக், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பெற வேண்டும் என 1557-இல் ஒரு கடிதத்தில் வற்புறுத்தினார். கடன் வாங்கிக்கொண்டே இருந்து திருப்பித் தராத மொழி நொடித்துப்போகும் என்பது அவர் வாதம். நொடித்துப்போதலைக் குறிக்க அவர் பயன்படுத்திய ‘பேங்க்ரப்ட்’ என்னும் சொல் இத்தாலிய மூலமுடையது. தூய்மையைக் குறிக்க அவர் ஆண்ட ‘பியூர்’ என்னும் சொல் பிரெஞ்சு வழி வந்தது. எனினும் சீக்கின் முயற்சியை எள்ளி ஒதுக்குதல் பொருந்தாது. மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனைக் குறிக்க ‘நூறு’ என்பதன் அடியாக ‘ஹண்ட்ரடர்’ என்றும், சிலுவையில் அறையப்பட்டதைக் குறிக்க ‘கிராஸ்ட்’ என்றும் அவர் சொல் படைத்தார். 1573-இல் ரால்ஃப் லீவர் அளவை நூலுக்கு ‘விட்கிராஃப்ட்’ எனப் பெயரிட்டார். அறிவுத்திறம் என்பது அதன் பொருள். பள்ளிசெல்லாதாரும் சொல்லின் உறுப்புகளைக் கொண்டே பொருளை உணர்தல் கூடும் என்னும் எண்ணம் இத்தகைய ஆக்கங்களுக்கு அடிப்படையாக அமைந்தது. 1916 முதல் தமிழகத்தில் வளர்ந்த தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தார்க்கு இவ்வாதம் புதிதன்று. இரு சூழல்களும் வேறானவை; எனினும் சொல்லின் பிறப்பு விளங்கினால் பொருள் விளங்கும் என்னும் நம்பிக்கை இரண்டிற்கும் பொதுவானது எனலாம்.

பூசல் நாடக மேடையையும் எட்டியது. பென் ஜான்சன் 1601-இல் அரங்கேற்றிய ‘போலிப் புலவன்’ என்னும் நாடகத்தில், கிரிஸ்பினஸ் என்னும் பாத்திரத்திற்கு வாந்தி மருந்து கொடுக்கப்படுகிறது. அவன் தான் விழுங்கியிருந்த கடுஞ்சொற்களை ஒவ்வொன்றாகக் கக்குகிறான். அவ்வாறு கக்கப்பட்டவற்றுள் ‘கான்ஷியஸ்’, ‘ரெசிப்ரக்கல்’, ‘ஸ்டிரென்யுவஸ்’, ‘டிஃபங்க்ட்’ ஆகியன உள்ளன. தன்னுணர்வு என்பதைப் பற்றிப் பேசும் இன்றைய உளவியலோ மெய்யியலோ ‘கான்ஷியஸ்’ என்னும் சொல்லின்றி ஆங்கிலத்தில் இயங்க இயலாது. தம் காலத்தில் ஆங்கிலத்தை மிக நுட்பமாக அறிந்தவருள் ஒருவரான ஜான்சனாலும் எச்சொல் நிலைக்கும் எச்சொல் மறையும் எனக் கணிக்க இயலவில்லை என்பது இதனால் பெறப்படும்.

இப்பூசலில் ஈடுபட்ட இரு தரப்பினரும் இலத்தீன் கற்றவர்கள் என்பது கருதத்தக்கது. கடுஞ்சொல்லை ஆண்டவரும் அதனை அறிந்தார், எள்ளியவரும் அறிந்தார். அறியாதவர் குரல் இப்பூசலில் கேட்கவில்லை. அவர்களை நோக்கி எழுந்த நூலே காட்ரியின் பட்டியல் ஆகும்.

இராபர்ட் காட்ரியின் பட்டியல்

இராபர்ட் காட்ரி ரட்லண்டு பகுதியிலுள்ள ஓக்கம் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்பு சவுத் லஃபனம் என்னும் ஊரின் திருச்சபைக் குருவானார். திருச்சபையின் வழிபாட்டு நெறிகளுக்கு முழுமையாக இணங்காத தூய்மைவாதச் சார்பினால் பதவியை இழந்தார். அதனை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 1591-இல் அவருக்கு எதிராக முடிந்தது. ஆங்கிலத் திருச்சபைச் சட்ட வரலாற்றில் ‘காட்ரி வழக்கு’ எனச் சுட்டப்படுவது இதுவே. அவ்வகையில், வேறு துறையினர் அவரை வேறு காரணத்திற்காக நினைவுகூர்கின்றனர்.

1604-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட ‘அகரவரிசைப் பட்டியல்’ ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்டது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு முதலியவற்றிலிருந்து வந்த கடினச் சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் கூறுவது இதன் பணி. இப்பணியில் அவருடைய மகனும் இலண்டன் பள்ளி ஆசிரியருமான தாமஸ் காட்ரி உதவினார். சொற்கள் அனைத்தையும் காட்ரி தாமே திரட்டினார் எனக் கூறவியலாது. 1596-இல் எட்மண்ட் கூட் வெளியிட்ட பள்ளிப் பாடநூலின் சொற்பட்டியலையும், தாமஸ் தாமஸ் என்பாரின் இலத்தீன் – ஆங்கில அகராதியையும் அவர் பெரிதும் பயன்படுத்தியுள்ளார்.

இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அதன் முகப்புப் பக்கமே கூறுகிறது. சீமாட்டிகள், உயர்குடிப் பெண்கள், பிற பயிற்சியற்றோர் ஆகியோரே அப்பயனாளர். மறைநூலிலும் சொற்பொழிவுகளிலும் பிற இடங்களிலும் கேட்கும் அல்லது படிக்கும் கடினச் சொற்களை அவர்கள் உணர்தல் வேண்டும். அவற்றைத் தாமே தக்கவாறு ஆளவும் வேண்டும் என்னும் இரு நோக்கங்கள் அங்குக் கூறப்படுகின்றன. நூல் ஐந்து உடன்பிறந்த சீமாட்டிகளுக்கு உரிமையாக்கப்பட்டுள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு முன் எந்தப் பெண்கள் தனிமையில் மட்டும் விவிலியம் படிக்கலாம் எனச் சட்டம் வரையறுத்ததோ, அவ்வகுப்பைச் சேர்ந்த பெண்களின் கையில் இந்நூல் கொடுக்கப்பட்டது. ‘பிற பயிற்சியற்றோர்’ என்னும் தொடரோ, அச்சட்டத்தால் முற்றிலும் விலக்கப்பட்டவர் வரை நூலின் பயனை விரித்தது.

நூலைப் பயன்படுத்தும் முறையையும் காட்ரி கற்பிக்கிறார். பயன்படுத்த விழைவோர் எழுத்துகளின் வரிசையை மனனம் செய்தல் வேண்டும். ‘ஏ’ என்னும் எழுத்தில் தொடங்கும் சொல்லைப் பட்டியலின் தொடக்கத்திலும் ‘வி’ என்னும் எழுத்தில் தொடங்குவதை இறுதிப்பகுதியிலும் தேடல் வேண்டும் என அவர் விளக்குகிறார். இன்று நகைப்பைத் தரும் இக்குறிப்பு, அகரவரிசையில் தேடுதல் என்னும் பழக்கமே அன்று பொதுமக்களிடம் வேரூன்றவில்லை என்பதற்குச் சான்றாகும். பிரெஞ்சுச் சொற்களுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் அவர் தனித்தனிக் குறியிட்டார். பொருள் விளக்கம் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். விலங்கு, செடி முதலியவற்றிற்கு ‘ஒரு வகை’ என்பதைச் சுட்டும் சுருக்கக் குறியே போதியதாகக் கருதப்பட்டது.

இந்நூலின் முன்னுரையில் ஒரு முரண் உள்ளது. மைக்கொம்புச் சொற்களைக் கண்டிக்கும் வில்சனின் பகுதிகளைக் காட்ரி தம் முன்னுரையில் ஏறக்குறைய அவ்வாறே எடுத்தாண்டுள்ளார். கடுஞ்சொற்களைத் தவிர்க்க வேண்டும் எனக் கூறும் முன்னுரையை அடுத்து, கடுஞ்சொற்களைக் கற்பிக்கும் பட்டியல் தொடர்கிறது. இதனைச் சிந்தனைக் குழப்பம் எனக் கொள்ளுதல் எளிது. ஆயினும் நூலின் நோக்கத்தோடு பொருத்திப் பார்க்கும்போது அது முரணன்று எனத் தோன்றுகிறது. சொல்வோர் எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பது முன்னுரையின் வேண்டுகோள்; அவர்கள் அவ்வாறு சொல்லாதவிடத்துக் கேட்போர் கைவிடப்படலாகாது என்பது பட்டியலின் பணி.

1609, 1613, 1617 ஆகிய ஆண்டுகளில் இந்நூல் மறுபதிப்புப் பெற்றது. முதற்பதிப்பின் படி ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. அது ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

உணர்தலிலிருந்து ஆளுதலுக்கு

காட்ரி கூறிய இரு நோக்கங்களுள் முதலாவது பொருளை உணர்தல். இரண்டாவது சொல்லை ஆளுதல். அவருக்குப் பின்வந்தோரிடம் இரண்டாம் நோக்கம் மேலோங்கியது. மருத்துவரான ஜான் புல்லோகர் 1616-இல் வெளியிட்ட அகராதி பழைய சொற்களையும் துறைச்சொற்களையும் மிகுதியாகச் சேர்த்தது. வழக்கொழிந்த சொற்களுக்கு அவர் உடுக்குறி இட்டார்.

1623-இல் வெளிவந்த ஹென்றி காக்கரத்தின் நூல், ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் நூல்களுள் ‘டிக்‌ஷனரி’ என்னும் பெயரை முதன்முதலாகத் தாங்கியது. அதன் அமைப்பு நம் வினாவுக்கு நேரடியான விடை தருகிறது. முதற்பகுதி கடினச் சொற்களுக்கு எளிய பொருள் தருகிறது. இரண்டாம் பகுதி அதனைத் தலைகீழாக்குகிறது. எளிய சொல்லைக் கொடுத்து, அதற்கு ஈடான கடினச் சொல்லைக் காட்டுகிறது. மூன்றாம் பகுதி தெய்வங்கள், விலங்குகள், பறவைகள் முதலியவற்றின் பெயர்களை விளக்குகிறது. எளிய சொல் கையிலிருக்கக் கடினச் சொல்லைத் தேடுபவர் பொருளைத் தேடுபவர் அல்லர், மதிப்பைத் தேடுபவர். அத்தகையோர் போதிய அளவில் இருந்தனர் என்பதற்கு அந்நூல் பலமுறை பதிப்பிக்கப்பட்டமையே சான்று.

காக்கரத்தின் அகராதியில் மந்தையிலிருந்து பிரித்து நடத்துதல் எனப் பொருள்படும் ‘அப்கிரிகேட்’, தலைவிக்கு ஒப்பனை செய்யும் பணிப்பெண் எனப் பொருள்படும் ‘கொமோட்ரிக்ஸ்’, பெற்றோர்க்கு நீத்தார் கடன் ஆற்றுதல் எனப் பொருள்படும் ‘பேரென்டேட்’ போன்ற சொற்கள் உள்ளன. இவை இலத்தீன் அகராதியின் சொற்களுக்கு ஆங்கில ஈறு பொருத்தி அமைக்கப்பட்டவை. இத்தகைய சொற்களை நம்பிக் கற்றவர், யாரும் பேசாத ஒரு மொழியைக் கற்றவர் ஆனார்.

1656-இல் வெளிவந்த தாமஸ் பிளண்ட்டின் ‘குளோசோகிராஃபியா’ இப்போக்கிலிருந்து மாறுபட்டது. பிளண்ட் சட்டம் பயின்றவர். கத்தோலிக்கர் என்பதால் வழக்கறிஞர் தொழிலைத் தொடர இயலாதவர். ஏறத்தாழ 11,000 சொற்களைத் தொகுத்த அவர், சொற்களின் பிறப்பையும் அவற்றைத் தாம் பெற்ற மூலங்களையும் குறித்தார். கடினச் சொற்கள் நூல்களில் மட்டுமின்றி இலண்டன் கடைத்தெருவிலும் நிறைந்துவிட்டன என்பது அவர் முன்னுரையில் காணப்படும் நுட்பமான செய்தி. சமையற்காரர், மது விற்போர், தையற்காரர், செருப்புத் தைப்போர், தொப்பி விற்போர் ஆகியோர் ஒவ்வொருவரும் புதிய பண்டங்களோடு புதிய பெயர்களையும் வழங்கினர். காப்பி, சாக்லேட், சர்பத் ஆகியன அவ்வாறு அந்நகருக்குப் புதிதாக வந்தவை. இலண்டனில் முதல் காப்பிக்கடை 1652-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. ஆக, அருஞ்சொல் என்பது அறிஞர் படைப்பு மட்டுமன்று. வாணிகத்தின் விளைவுமாகும் என்பதை அவர் கண்டார்.

தம் நூல் அறிவு மிக்க பெண்களுக்கும் அறிவு குறைந்த ஆண்களுக்கும் உரியது எனப் பிளண்ட் குறிப்பிடுகிறார். பெண்களின் அறிவையும் ஆண்களின் அறியாமையையும் ஒரே தட்டில் வைக்கும் இத்தொடரில் அக்கால மதிப்பீடு வெளிப்படுகிறது. ஈராண்டிற்குப் பின், கவிஞர் மில்டனின் மருமகனாகிய எட்வர்ட் ஃபிலிப்ஸ் 1658-இல் வெளியிட்ட அகராதி பிளண்ட்டின் நூலிலிருந்து பெருமளவு எடுத்துக்கொண்டது. பிளண்ட் 1673-இல் அதன் பிழைகளைத் தொகுத்துத் தனிநூலாகவே வெளியிட்டார். அருஞ்சொல் கற்பித்தல் இலாபம் தரும் வணிகமாகிவிட்டது என்பதை இப்பூசல் உணர்த்துகிறது.

நகைப்புக்கு ஆளான கற்போர்

அருஞ்சொல்லைக் கற்றுப் பிழையாக ஆளுவோர் ஆங்கில நாடகங்களில் தொடர்ந்து நகைப்புக்கு ஆளாகின்றனர். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் (அச்சு 1600) வரும் டாக்பெரி என்னும் ஊர்க்காவலன், பெரிய சொற்களை மாற்றி மாற்றிப் பேசி அவையோரை நகைக்க வைக்கிறான். அவனைப் போன்றோர் இலக்கணப் பள்ளியில் பயின்றவர் அல்லர் என்பது மறக்கத்தக்கதன்று. இலத்தீனை மிகக் கற்றுத் தடுமாறும் ஆசிரியர் ஹோலோஃபெர்னஸையும் (அச்சு 1598) ஷேக்ஸ்பியர் நகையாடியுள்ளார். ஆயினும் இரு நகைப்பும் ஒன்றல்ல. ஆசிரியர் கற்றது மிகுதி என்பதற்காக நகைக்கப்படுகிறார். காவலன் கற்க முயன்றான் என்பதற்காக நகைக்கப்படுகிறான்.

ரிச்சர்ட் ஷெரிடன் 1775-இல் அரங்கேற்றிய ‘போட்டியாளர்’ என்னும் நாடகத்தில் இந்நகைப்பு பெண்பால் வடிவம் கொள்கிறது. திருமதி மாலப்ராப் என்னும் பாத்திரத்தின் பெயரே, இடம் பொருந்தாமை எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து அமைக்கப்பட்டது. ஒலி ஒத்த வேறு சொல்லை இடம் மாற்றிச் சொல்லும் பிழைக்கு இப்பாத்திரத்தின் பெயரே ஆங்கிலத்தில் கலைச்சொல் ஆயிற்று. அதே நாடகத்தில் சர் அந்தோணி என்னும் முதியவர், பெண்களுக்குப் படிக்கக் கற்பிப்பதே தீங்கிற்குக் காரணம் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். நூல் வாடகை நிலையங்களையும் பழிக்கிறார். அவையோர் அம்முதியவரையும் நகைத்திருக்கக் கூடும். எனினும் மொழியில் நிலைத்த வசைச்சொல், கல்வியை மறுத்தவர் பெயரால் அமையவில்லை. கற்க முயன்று பிழைத்தவர் பெயரால் அமைந்தது.

அருஞ்சொல் அகராதிகள் தம் முகப்பிலேயே பெண்களை அழைத்தன. பள்ளி மறுத்ததை நூல் தர முன்வந்தது. சொல்லின் பொருளை நூல் தந்தது. அச்சொல் எங்கு, யாரிடம், எவ்வாறு வழங்கும் என்னும் பழக்கத்தைத் தர அதனால் இயலவில்லை. அது கேட்டுப் பழகுவதாலும் உரையாடுவதாலும் வருவது. அந்த இடைவெளியில் நிகழ்ந்த பிழைக்குக் கற்றவரே பொறுப்பாக்கப்பட்டார்.

எல்லாச் சொற்களும் அகராதியில் இடம்பெறல்

1702-இல் ஜான் கெர்சி என்பாருடையதாகக் கருதப்படும் அகராதி ஏறத்தாழ 28,000 சொற்களுடன் வெளிவந்தது. அன்றாட வழக்கிலுள்ள எளிய சொற்களும் இதில் இடம்பெற்றன. எழுத்துப் பிழையின்றி எழுத விரும்பியோருக்கு இது பயன்பட்டது. நதேனியல் பெய்லி 1721-இல் வெளியிட்ட சொற்பிறப்பு அகராதி ஏறத்தாழ 40,000 சொற்களைக் கொண்டது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் இரு பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. எழுத்தாளர்தம் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டிப் பொருள் நிறுவும் முறையை அது ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தது.

மேற்கோள் முறையின் விளைவாக அருஞ்சொல்லுக்குப் புதிய அளவுகோல் கிடைத்தது. ஒரு சொல் கடினமானதா என்பதைவிட, அதனை யாரேனும் எழுதியுள்ளனரா என்னும் வினா முதன்மை பெற்றது. முன்னைய அகராதிகளில் மட்டும் காணப்பட்டு, நூல்களில் காணப்படாத சொற்களை ஜான்சன் அவ்வாறே குறித்துச் சென்றார். காக்கரம் போன்றோர் படைத்த சொற்களில் பல இவ்வாறு அகராதியில் பிறந்து அகராதியிலேயே முடிந்தன.

தமிழ் மரபோடு ஒப்பீடு

அருஞ்சொற்களுக்கு மட்டுமே பொருள் கூறல் என்னும் நெறி தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலான உரியியல், யாவர்க்கும் வெளிப்படையான சொற்களைக் கூற வேண்டுவதில்லை என வரையறுத்துக்கொண்டு, வெளிப்பட வாராத உரிச்சொற்களுக்கே பொருள் கூறுகிறது. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்துதல் என்னும் முறையையும் அவ்வியல் சுட்டுகிறது. 1531-இல் எலியட் தம் உரைநடையில் கையாண்டதும், 1604-இல் காட்ரி தம் பட்டியலில் கையாண்டதும் இம்முறையே. இவற்றிடையே தொடர்பு எதுவும் இல்லை. கற்பித்தலின் தேவை ஒன்றாக இருந்தமையால் முறையும் ஒன்றாக அமைந்தது எனக் கொள்ளலாம்.

வேறுபாடுகளும் உள. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் அமைந்து, மனனம் செய்தற்கு எளிதாயிற்று. நிகண்டு கற்றவன் நூலைச் சுமக்க வேண்டுவதில்லை. சொற்கள் அவன் நினைவில் இருந்தன. காட்ரியின் வாசகர் சொற்களை நினைவில் கொள்ளவில்லை. தேடும் வழியை மட்டுமே நினைவில் கொண்டார். முன்னது ஆசிரியரிடம் இருந்து கற்கும் கல்விக்கு உரியது. பின்னது ஆசிரியர் இல்லாதவருக்கு உரியது.

நிகண்டு வழிக் கல்வி சொல்லைத் தனியே தராமல் செய்யுளோடும் ஆசிரியர் உரையோடும் சேர்த்துத் தந்தது. ஆதலின் சொல் வழங்கும் இடமும் உடன் விளங்கிற்று. இது அதன் சிறப்பு. திண்ணைப் பள்ளியில் இடம் பெறாத பெண்கள் பெரும்பாலோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அக்கல்வி எட்டவில்லை என்பது அதன் எல்லை. சிதம்பர இரேவண சித்தர் 1594-இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி அம்முறையை விரிவாக்கிப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தது. செய்யுளை மனனம் செய்யாதவரும் செய்யுட்சொல்லின் பொருளைத் தேடிக் காணும் வழி இதனால் தமிழில் அகன்றது. அவ்வகையில் சதுரகராதியின் முதன்மை, சொற்களின் எண்ணிக்கையைவிட அது உருவாக்கிய புதிய வாசகரிடத்தில் உள்ளது எனலாம்.

முடிவுரை

ஆங்கில அருஞ்சொல் கற்றல் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1949-இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் சொற்பயிற்சி நூல் இந்திய மாணவரிடையே இன்றும் பரவலாகப் பயிலப்படுகிறது. கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்டு சொற்களை உணர்த்தும் அதன் முறை, இலக்கணப் பள்ளியின் இலத்தீன் பாடத்தைச் சுருக்கித் தருவதாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான ஜி.ஆர்.இ. தேர்வு, எதிர்ச்சொல், ஒப்புமை ஆகிய தனிச்சொல் வினாக்களை 2011-இல் நீக்கியது, எஸ்.ஏ.டி. தேர்வு 2016-இல் அருகிய சொற்களைச் சோதிப்பதைக் கைவிட்டு, வழக்கிலுள்ள சொற்களைச் சூழலோடு சோதிக்கத் தொடங்கியது. பட்டியலை மனனம் செய்தவரையும் மொழியை அறிந்தவரையும் பிரித்தறிதல் அரிது என்னும் சிக்கல் காக்கரத்தின் காலத்திலிருந்தே இருந்துவருவது.

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. சொல்லின் அருமை சொல்லில் இல்லை. கல்வி பகிரப்பட்ட முறையில் உள்ளது. ‘மெச்சூரிட்டி’, ‘கான்ஷியஸ்’ ஆகியன ஒலியாலோ அமைப்பாலோ எளிமையடையவில்லை. பலர் கற்றமையால் எளிமையடைந்தன. இரண்டாவதாக, அருஞ்சொல் அகராதி பள்ளி மறுக்கப்பட்டவருக்கு வாயிலாகத் தோன்றி, பின்பு மதிப்பைக் காட்டும் கருவியாகவும் மாறியது. உணர்தலும் ஆளுதலும் என்னும் இரு நோக்கங்களுள் ஒன்று மற்றதை விஞ்சியதே இதற்குக் காரணம். மூன்றாவதாக, அருஞ்சொல்லைப் பிழையாக ஆண்டவர் மீது எழுந்த நகைப்பு, அவர்க்குக் கல்வி கிட்டாமைக்கான காரணத்தை மறைத்தது. டாக்பெரியின் பிழைகளை உரைகாரர் பலர் விளக்கியுள்ளனர். அவனைப் போன்ற ஒருவன் கையில் காட்ரியின் பட்டியல் இருந்திருப்பின் அவன் அதனை எவ்வாறு பயன்படுத்தியிருப்பான் என்னும் வினாவும் அகராதி வரலாற்றிற்கு உரியதே ஆகும்.